நாலு விரல் உயரம்

விலையைக் குறைத்துக் கேட்டால் அந்த வீடு மேலே போகும். கூட்டிக் கேட்டால் மண்ணுக்குள் இறங்கும். தெருவில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம், அவ்வளவுதான் வீடு. பதினோரு வருடமாக விற்பனைக்கு இருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் அது தரையோடு தரையாக நின்ற நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை முப்பத்தைந்து வருடம் வெளியே இழுத்துப் போட்டவர், கடைசியில் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். வேறு ஊரில் இருக்கும் மகள் ‘வந்துடுங்கப்பா’ என்று மாதம் ஒரு முறை அழைப்பாள். அவருக்கும் போகத்தான் ஆசை. ஆரம்பத்தில் வாசலில் ‘அறுபது லட்சம்’ என்று பலகை வைத்திருந்தார். முதலில் வந்தவர் நாற்பது என்றதும் வீடு ஒரு செருமல் செருமிவிட்டு, அடுப்பில் இருந்த பாலோடு மேலே போனது. பால் சிந்தவில்லை. மறுநாள் லிஃப்ட்காரர் பலகையை அழித்துவிட்டு ‘விலையை வீடு சொல்லும்’ என்று எழுதிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

ஒருவர் சொன்ன விலைக்கு எந்த உயரத்தில் போய் நிற்கிறதோ, அடுத்த ஆள் வந்து வேறு விலை சொல்லும் வரை வீடு அங்கேயே நிற்கும். அதற்குத் தகுந்தாற்போல் ஊர் பழகிக்கொண்டது. தண்ணீருக்கு நீளமான ரப்பர் குழாய், கரண்டுக்குச் சுருள் சுருளாக ஒயர். வீடு மேலே இருந்தால் நகராட்சிக்காரர்கள் மாடிக்கு உள்ள வரியைப் போட்டார்கள்; கீழே இருந்தால் அனுமதி இல்லாமல் பாதாள அறை கட்டியதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டைக் காட்ட வரும் தரகர் ஒரு நீள ஏணி வைத்திருந்தார். ஏறிப் பார்க்க ஒரு கட்டணம், இறங்க ஒரு கட்டணம். இந்த வீட்டை அவரால் விற்க முடியவில்லை என்றாலும் ஏணி வருமானத்தில் அவர் இரண்டு வீடு வாங்கிவிட்டார், இரண்டும் சொன்னபடி கேட்கிற வீடுகள். லிஃப்ட்காரருக்கு நாளடைவில் எரிச்சல் வந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு மூன்று வாய்ப்புதான், அதுவும் கேட்டுக்கு வெளியே நின்று தெருவே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார். மூன்று தடவை பட்டனை அழுத்தியும் வராத லிஃப்ட் நாலாவது தடவை அழுத்தினாலும் வராது என்பது அவருடைய தொழில் அனுபவம்.

பளபளா என்று தெரு பட்டப்பெயர் வைத்த ஒருவர் இருந்தார். கழிப்பறைச் சாமான் கடை வைத்திருப்பவர், அவர் கார் அந்தச் சாமான்களைவிடப் பளபளக்கும். வீட்டை இடித்துவிட்டு அங்கே குடோன் கட்டுவது அவர் திட்டம். அவர் முப்பது லட்சம் என்று கத்தியதும் வீடு பத்து மாடி உயரத்துக்குப் போய்விட்டது. லிஃப்ட்காரர் ஒரு வாரம் பருந்துகளோடு குடித்தனம் நடத்தினார். கடைசியில் தரகர்தான் ஒரு பஸ் கண்டக்டரைப் பிடித்து வந்தார். கண்டக்டரிடம் இருந்தது ஐந்து லட்சம். ஐந்துதான் என்று ஊருக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு எட்டு என்றார். வீடு சர்ரென்று இறங்கி, தரையையும் தாண்டி மூன்று சாண் புதைந்தது. முப்பது குறைச்சல், எட்டு அதிகம் என்றால் சரியான விலை எங்கேதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்தே எதிர்வரிசைக் கணக்கு வாத்தியார் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

இந்த நிலைமையில்தான் எடைக்காரன் குடும்பம் அந்த வீட்டின் மேல் கண் வைத்தது. எதிரே இருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். லிஃப்ட் கிடையாது, அறுபத்துநாலு படி. எடைக்காரன் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவன். சரக்கோடு ஒரு தடவை, சரக்கு இல்லாமல் ஒரு தடவை நிறுத்தி, கழித்துச் சீட்டுக் கொடுப்பான். அவன் மனைவி பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. தெருவுக்கு அவள் பல்காரி. எடைக்காரனின் அம்மாவுக்கு இடுப்பு உடைந்து இரண்டரை வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து அந்த அம்மாள் ஒரு படிகூட இறங்கியதில்லை. ஜன்னலில் உட்கார்ந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய், சோப்பு, வார இதழ் எல்லாம் வாங்குவாள். கூடையம்மா என்று பெயர் வந்தது அதனால்தான். எந்த விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்பாள். பாதிக்கு வரவில்லை என்றால் கூடையைப் பாதி தூக்கிவிட்டு நிறுத்துவாள். கூடை அந்தரத்தில் ஆடுவதைப் பார்த்தே முக்கால்வாசி வியாபாரிகள் மனம் உடைந்து இறங்கி வந்திருக்கிறார்கள்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரு துக்கம் இருந்தது. ஒருநாள் மருமகளிடம் வாய்விட்டே சொன்னாள். “இந்தத் தெருவுல யாருக்கு எங்க வழுக்கைன்னு எனக்குத் தெரியும். மூஞ்சிதான் எல்லாம் மறந்துபோச்சு. செத்தா ஸ்ட்ரெச்சர்லதான் கீழ போவேன் போல.” அதைக் கேட்ட பல்காரி அன்றே புருஷனிடம் சொல்லிவிட்டாள், வாங்கினால் தரையில் இருக்கிற வீடாக வாங்க வேண்டும், அத்தை நாற்காலியில் உருண்டு வாசலுக்கு வர வேண்டும் என்று. தரைத்தளத்தில் நல்ல வீடுகள் எல்லாம் இவர்கள் கைக்கு எட்டாத விலை. எட்டுகிற தூரத்தில் இருந்தது இந்த எட்டாத வீடு மட்டும்தான். விலை தப்பினால் மறுபடியும் ஏணி, அல்லது குழி. சரியாகச் சொன்னால் மட்டுமே தரை.

எத்தனை சொல்வது என்று மூன்று நாள் பேசினார்கள். சேமிப்பு, பி.எஃப்., பேங்க்கில் கட்ட முடிகிற அளவுக்குக் கடன், எல்லாம் சேர்த்தால் நாற்பது லட்சம். கூடையம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “பாதி சொல்லு. யானை வாங்கப் போறவன் காதைப் பிடிச்சுப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கணும்டா. ஆசையைக் காட்டிட்டா போச்சு.” மகன் கேட்டுக்கு முன்னால் நின்று இருபது என்று கத்தினான். உள்ளே லிஃப்ட்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் மழித்திருந்த நிலையில் அவர் மண்ணிலிருந்து கிளம்பி இரண்டு மாடி உயரத்துக்குப் போனதைத் தெரு வேடிக்கை பார்த்தது. மேலிருந்து அவர் திட்டியது சரியாகக் கேட்கவில்லை, அதுவரை நல்லது. எடைக்காரன் தொழில் புத்தியில், அவர் சாமான் இழுக்கும் கயிற்றை வாசற்படியிலிருந்து தரை வரை விடச் சொல்லி அளந்தான். இருபத்தாறு சாண், மேலே கொஞ்சம் விரல். அவனுடைய எடைமேடை இருபது கிலோவுக்குக் குறைந்த துண்டைக் காட்டாது. அந்தப் பழக்கதோஷம், விரல்களை விட்டுவிட்டு இருபத்தாறு என்று மனதில் வைத்துக்கொண்டான்.

அடுத்த மாதமே ஒரு புரளி கிளம்பியது, பளபளா ஐம்பது சொல்லப் போகிறார் என்று. தரகர் கிளப்பியதுதான், ஏணி சும்மா கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். எடைக்காரனுக்கு ரத்தம் கொதித்தது. வேலைக்குப் போகிற வழியில், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல், சைக்கிளை நிறுத்தி “அம்பத்தஞ்சு!” என்று கத்திவிட்டான். கத்திய பிறகுதான் ஐம்பத்தைந்துக்கு எங்கே போவது என்ற யோசனையே வந்தது. வீடு இறங்கியது. தரையில் நிற்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது கதவையும் விழுங்கிக்கொண்டு இறங்கி, கூரை விளிம்பு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்பது சாண் கீழே வந்த பிறகுதான் நின்றது. லிஃப்ட்காரர் காற்றுத்துளை வழியாகத் தெருவின் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். “நல்லா இருப்பீங்கய்யா, நல்லா இருப்பீங்க” என்று அவர் சொன்னது வாழ்த்து இல்லை.

பல்காரி இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. கூடையம்மா மகனைப் பார்த்து, “உன்னைப் பெத்ததுக்கு ஒரு பேரம் பேசிப் பார்த்திருக்கணும்” என்றாள். ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அந்த மூன்று பேரும் அந்த வாரம் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. பளபளா வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாக இந்தத் தடவை நிஜமாகவே சொல்லியனுப்பியிருந்தார், கூடவே இடிக்கிற ஆளையும்.

மூன்றாம் நாள் பட்டறையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பல்காரிக்குப் பொறி தட்டியது. புதுப் பல்லை மாட்டிவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்குப் போய்த்தான் கத்துவார்கள். அதனால் ஆளைக் கேட்பதில்லை. பல்லுக்கு நடுவில் ஒரு மெல்லிய நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னால், எங்கே உயரமோ அங்கே நீலம் ஒட்டும். அங்கே தேய்க்க வேண்டியதுதான். வீடும் கடித்துக் காட்டியிருக்கிறது, நாம்தான் அடையாளத்தைப் பார்க்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. இருபது சொன்னபோது இருபத்தாறு சாண் மேலே. ஐம்பத்தைந்து சொன்னபோது ஒன்பது சாண் கீழே. ஒரு லட்சத்துக்கு ஒரு சாண் என்று வைத்துப் பார்த்தால், இரண்டு தடவையும் வீடு காட்டியது ஒரே இடத்தைத்தான். நாற்பத்தாறு. அவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே பஸ் கண்டக்டரின் மனைவி தன்னிடம் மட்டும் சொன்ன ஐந்து லட்சம் ஞாபகம் வந்தது. எட்டு சொன்னார், மூன்று சாண் புதைந்தது. அந்த வீடு தன் விலையைச் சொல்லவே இல்லை. கேட்கிற ஆளிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். எடைக்காரன் கழித்துப் பார்த்துவிட்டு, “நம்மகிட்ட நாப்பதுதானே இருக்கு? ஆறு எங்கேர்ந்து வரும்?” என்றான். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். பல்காரி எழுந்து போய், பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். வாங்க வராத யாரோ ஒருவரின் மேல்தாடை அச்சு அதில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு லட்சம். “என்னைக்காவது சொந்தமா ஒரு பட்டறை வைக்கலாம்னு சேர்த்தேன். கேட்டா சிரிப்பீங்கன்னு சொல்லல” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எடைக்காரன் சைக்கிள் பம்ப் வைக்கும் பையிலிருந்து ஒரு பாஸ்புக்கை எடுத்து வைத்தான். மூன்று லட்சம். அம்மாவுக்குத் திடீரென்று ஆபரேஷன் என்று வந்தால் மனைவியிடம் கை நீட்டக் கூடாதே என்று வைத்திருந்தானாம். “நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்னை அவ்வளவுதான் புரிஞ்சுக்கிட்டீங்களா?” என்று அவள் அழுதாள். அவனும் அழுதான். ஐந்து ஆயிற்று. அழுது முடித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூடையம்மாவைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன்டா பாக்கறீங்க? நான் கூடையில காய் வாங்குறவ.” அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகியவள்தான், ஆனாலும் வீட்டோடு போட்டி போட முடியவில்லை. தலையணை உறையின் தையலைப் பிரித்து ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். மகன் கொடுத்த காசுக்கும் அவள் பேரம் பேசி வாங்கிய விலைக்கும் நடுவே இத்தனை வருடமாக விழுந்தது, சரியாக ஒரு லட்சம். “நான் போற அன்னைக்கு உங்க கையை எதிர்பாக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். சரி, எடுத்துக்கங்க. தரையில இருக்கிற வீட்டுலேர்ந்து தூக்குனா படி இறக்குற கூலியாவது மிச்சம்.” பல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேற ஏதாவது இருக்கா அத்தை?” என்று மெதுவாகக் கேட்டாள். “அவ்வளவுதாம்மா. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்” என்று கூடையம்மா மருமகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவளை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். தானே கத்திச் சொல்வேன் என்று பிடிவாதம். கட்டடத்து வாசலைத் தாண்டியதும் முதல் முறையாகக் காய்காரரின் முகத்தைப் பார்த்தாள். “நீதானா அது? குரலை வெச்சுச் சின்ன வயசுன்னு நெனச்சுல்ல திட்டினேன்!” என்றாள். அறுபது வயதுக் காய்காரர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். தெரு மொத்தமும் கூடிவிட்டது. பளபளா காரிலிருந்து இறங்கி, இடிக்கிற ஆளோடு நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கூடையம்மா புதைந்து கிடந்த வீட்டைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பயமாக இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எதற்கும் முழு விலை சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். “இருபத்தி…” என்று வந்துவிட்டது. மண்ணுக்குள் வீடு ஒரு செருமல் செருமியது. எடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். “அத்தை” என்றாள் பல்காரி, தோளை அழுத்தி, அந்த ஒரு வார்த்தை மட்டும். கூடையம்மா எச்சிலை விழுங்கினாள். மூச்சை இழுத்து, மூன்றாவது மாடியிலிருந்து தெருமுனை வரை கேட்கிற அதே குரலில், “நாப்பத்தாறு!” என்று கத்தினாள். கத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வீடு மேலே வந்தது. ஜன்னல்களிலிருந்து மண் கொட்டியது, கதவு தெரிந்தது, வாசற்படி தெரிந்தது. தரைமட்டத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. அப்புறம் நின்றது. தெருவே குனிந்து பார்த்தது. வீட்டுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வாத்தியார் மண்டியிட்டுக் கையை விட்டுப் பார்த்து, நாலு விரல் என்றார். பளபளா தொடையைத் தட்டிச் சிரித்தார். “தரையில இல்ல! மூணும் போச்சு, தள்ளுங்க!” எடைக்காரன் அன்றைக்கு விட்ட விரல்கள் அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தன. மனைவியைப் பார்த்தான். அவள் கைப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். அவன் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். பிறகு இருவரும் கூடையம்மாவைப் பார்த்தார்கள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் பெட்டியோடு வெளியே வந்தார். பெட்டி பதினோரு வருடமாகக் கட்டியே இருந்தது. வாசற்படியிலிருந்து குதித்து, குந்தி உட்கார்ந்து, தன் நாலு விரலையும் இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “முப்பத்தஞ்சு வருஷத்துல தரையோட தரையா நின்ன லிஃப்ட்டை நான் பார்த்ததே கிடையாது. ஒவ்வொண்ணும் கொஞ்சம் தூக்கித்தான் நிக்கும், இல்லேன்னா இறங்கி நிக்கும். நாலு விரல்னா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.” அங்கேயே, கேட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பளபளா ஆத்திரத்தில் நூறு என்றார், இருநூறு என்றார். வீடு செருமக்கூட இல்லை. லிஃப்ட்காரர் மத்தியான பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மூன்று மாதம், மாடி பால்கனி பக்கமே போகவில்லையாம்.

எடைக்காரன் வாசற்படிக்கு ஒரு சாய்வுப் பலகை அடித்தான். அதில் உருண்டு கூடையம்மா தினமும் காலையில் வெளியே வருவாள், முகத்துக்கு முகம் பேரம் பேசுவாள். கூடையைத் தூக்க முடியாததால் இப்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவதுபோல் பாவனை செய்கிறாள், வியாபாரிகள் அதற்கும் மசிகிறார்கள். வீட்டுக்கு அடியில் பூனைகள் குட்டி போட்டன. பந்து, சீப்பு, ஒரு தடவை கூடையம்மாவின் பல்செட், எல்லாம் உருண்டு அதற்குள் போகும். குச்சியால் தள்ளி எடுப்பார்கள். நகராட்சி அந்த நாலு விரலுக்கு என்ன வரி போடுவது என்று ஏழு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

மகன் ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை கேட்டான். எங்கேம்மா அது, என்னம்மா அது, நகையா, நோட்டா. கூடையம்மா கடைசியாக ஒருநாள் கோபப்பட்டாள். “அந்த நாலு விரல் என்னோடதுடா. உங்களுக்கு எல்லாத்தையும் குடுத்தேன்ல? ஒரு பொம்பளைக்கு நாலு விரல்கூடத் தனியா இருக்கக் கூடாதா?” அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து பல்காரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு வாங்கிய அடுத்த வருடம் பூனைகள் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போய்வந்தன. எடைக்காரன் ஒருநாள் வாசலில் குந்தி உட்கார்ந்து அளந்து பார்த்தான். ஐந்து விரல் இருந்தது. எட்டி உள்ளே பரணைப் பார்த்தான். யாரும் வாங்க வராத அந்தத் தாடை அச்சின் பெட்டி இங்கேயும் பரணில்தான் இருந்தது, தூசு மட்டும் துடைத்திருந்தது. உள்ளேயிருந்து மனைவி, “எத்தனை இருக்கு?” என்று கேட்டாள். “அதே நாலுதான்” என்றான். பிறகு பழைய பலகையைக் கழற்றிவிட்டு, அம்மாவின் நாற்காலி இடறாத அளவுக்கு இன்னும் கொஞ்சம் நீளமாக ஒரு பலகையை வெட்டிப் போட்டான்.